77ஆவது நிமிடத்தில் எழுந்து போன வாடிக்கையாளர்கள்



வியாபாரப் பக்கத்தில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கும் பந்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் கடை வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் படித்துக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் அந்த விளையாட்டில் இருப்பதை அண்மைக் காலத்தில் கண்டுகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்விடயத்தை எடுத்திருக்கிறேன்.

அன்புவழிபுரத்தில் இஷாவுக்குப் பின் கடைக்கு முன்னால் நாலைந்து இளைஞர்கள் கூடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கலந்துதான் இருப்பார்கள். பேச்சு முழுக்க இங்கிலாந்து லீக்தான். என் தங்கையின் மகன் லிவர்பூல் கட்சி. அவனுடைய கூட்டாளி மென்செஸ்டர் யுனைடெட் கட்சி. 2024 டிசம்பரில் ஒரு நாள் இருவரும் சண்டை பிடிக்காமல் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று விசாரித்தேன்.

"மாமா, 66 பவுண் எண்டா நம்மட காசுக்கு எவ்வளவு?" என்றான் மருமகன்.

கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். அன்றைய மாற்று விலைக்கு 24,000 ரூபாவைத் தாண்டி நின்றது.

"ஒரு மெட்ச் பார்க்க மாமா! சின்னப் பிள்ளைக்கும் அதே விலையாம்."

மென்செஸ்டர் யுனைடெட் கழகம் அந்தப் பருவத்தின் நடுவிலேயே, மீதமிருந்த உள்ளூர் லீக் போட்டிகளுக்கான அங்கத்தவர் டிக்கட்டை 66 பவுண் ஆக்கியிருந்தது. பிள்ளைகளுக்கும் ஓய்வூதியக்காரருக்கும் இருந்த சலுகை விலையும் அந்த டிக்கட்டில் இல்லாமல் போனது. டிசம்பர் முதலாம் திகதி எவர்டன் கழகத்துடனான போட்டிக்கு முன்பு ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த மைதானத்தை வாழ்நாளில் ஒரு முறையேனும் பார்க்க வாய்ப்புண்டோ இல்லையோ தெரியாத நம் பிள்ளைகளுக்கும் அது வலித்திருக்கிறது.

சீசன் டிக்கட் என்றால் என்ன?

நமக்கு சீசன் என்றால் பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் சீசனும் ரயில் சீசனும்தான் ஞாபகம் வரும். அங்கே உதைபந்தாட்டத்துக்கும் அதே ஏற்பாடு உண்டு. ஒரு கழகம் லீக் பருவம் ஒன்றில் தன் சொந்த மைதானத்தில் 19 போட்டிகள் ஆடும். பருவம் தொடங்குமுன் மொத்தமாகப் பணம் கட்டினால் அத்தனை போட்டிக்கும் ஒரே கதிரை நமக்குச் சொந்தம். தகப்பனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் பேரன் என்று தலைமுறையாக அந்தச் சீட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பெரிய கழகங்களில் புதிதாக ஒரு சீட்டுக் கிடைக்க வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதைவிட நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் கிடையாது. முற்பணம் தருகிறார். சாமான் சரியில்லாவிட்டாலும், அதாவது கழகம் தோற்றுக்கொண்டே இருந்தாலும், அடுத்த வருடமும் வருகிறார். பக்கத்துக் கடைக்குப் போகவே மாட்டார். லிவர்பூல் விலையைக் கூட்டியதற்காக எவரும் எவர்டன் ரசிகராகிவிடுவதில்லை.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'இவர் எங்கே போகப்போகிறார்?' என்ற எண்ணம் முதலாளியின் மனதில் நுழைந்துவிட்டால், நல்ல வாடிக்கையாளர்தான் முதலில் அடி வாங்குவார்.

லிவர்பூலில் நடந்தது

2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் அடுத்த பருவத்துக்கான விலைப்பட்டியலை வெளியிட்டது. அன்ஃபீல்ட் மைதானத்தின் பிரதான பார்வையாளர் கூடத்தைப் பெருப்பித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகக் கூடிய டிக்கட் 59 பவுணிலிருந்து 77 பவுண் ஆகும் என்றார்கள். அப்போதைய நாணய மாற்றில் அது 15,000 ரூபாவுக்கும் மேல். ஆகக் கூடிய சீசன் டிக்கட் 1,029 பவுண். அந்தக் கழகத்தில் ஆயிரத்தைத் தாண்டுவது அதுவே முதற்தடவை.

கழகத்தார் சொல்லக்கூடிய நியாயம் நமக்குப் புரியாததல்ல. கட்டடம் கட்டினால் செலவு. ஆட்டக்காரரின் சம்பளம் ஏறுகிறது. கதிரை ஒன்றுக்கு ஒன்பது பேர் வரிசையில் நின்றால் விலை ஏறத்தான் செய்யும் என்பது சந்தையின் வழக்கம். சில டிக்கட்டுகளின் விலையைக் குறைத்திருக்கிறோம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

ரசிகர்களின் பக்கமும் கணக்குத்தான் பேசியது. 2016 முதல் 2019 வரையான மூன்று பருவங்களுக்கு பிரித்தானியாவுக்குள் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை மட்டுமே 500 கோடி பவுணுக்கு மேல் விலைபோயிருந்தது. அவ்வளவு பணம் வந்து குவியும்போது, கதிரையில் இருந்து கத்திக் கத்திக் குரல் போன மனிதனிடம் இன்னும் பிடுங்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

பெப்ரவரி 6ஆம் திகதி சண்டர்லாண்ட் கழகத்துடன் போட்டி. லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. 77 பவுண் விலையைக் குறித்துக் காட்ட, சரியாக 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாண்ட் இரண்டு கோல்களைப் போட்டு ஆட்டத்தைச் சமப்படுத்தியது.

நான்கு நாட்கள்தான் சென்றன. பெப்ரவரி 10ஆம் திகதி அமெரிக்காவைச் சேர்ந்த உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரி ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 77 பவுண் டிக்கட் கைவிடப்பட்டது. இரண்டு பருவங்களுக்கு விலையைக் கூட்டுவதில்லை என்றும் அறிவித்தார்கள். அடுத்த மாதமே பிரீமியர் லீக்கின் 20 கழகங்களும் கூடி, வெளியூரிலிருந்து தம் கழகத்துடன் பயணம் செய்துவரும் ரசிகர்களுக்கு 30 பவுணுக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன.

2 சதவீதத்துக்கு ஏன் கோபம்?

அதே லிவர்பூல் 2024இல் 2 சதவீதம் கூட்டியது. விலைவாசி ஏறிய வேகத்தோடு பார்த்தால் அது அற்பம். இருந்தும் அந்த ஏப்ரலில் இத்தாலியின் அதலாந்தா கழகத்துடன் நடந்த ஐரோப்பியப் போட்டியில், உலகப் புகழ் பெற்ற கொப் கூடத்தில் ரசிகர்கள் கொடி ஏற்றவில்லை. வழக்கமாகக் கொடிகளால் நிறைந்து கிடக்கும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

இதை முதலில் கேட்டபோது எனக்கும் சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது. பிறகு கழகத்தின் கணக்கைப் பார்த்தேன். 2022/23 பருவத்தில் அதன் மொத்த வருமானம் 59 கோடி 40 இலட்சம் பவுண். அதில் போட்டி நாட்களில் மைதானத்தில் சேர்ந்தது 8 கோடி. அந்த 8 கோடி முழுவதற்கும் 2 சதவீதம் கூட்டினால்கூட 16 இலட்சம்தான் வரும். நம் கடைக் கணக்கில் சொன்னால், நூறு ரூபா வியாபாரத்தில் 27 சதம். ரசிகர்களின் வாதமும் இதுதான்: உங்களுக்கு இது 27 சதம், எங்களுக்கு இது வீட்டுச் செலவு. அத்தோடு எங்களைக் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாடு இருந்தும் எங்கள் சொல்லைக் கணக்கெடுக்கவில்லை.

கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தொகையைவிட, கேட்காமல் கூட்டியதுதான் அவர்களைச் சுட்டிருக்கிறது. அடுத்த 2025/26 பருவத்துக்கு லிவர்பூல் விலையைக் கூட்டவில்லை.

என் கடைக் கொப்பி

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் உபதேசம் மட்டும் செய்கிறவனாகிவிடுவேன்.

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மொத்த வியாபாரி காலையில் சொன்ன விலை பின்னேரம் இருக்கவில்லை. சீனியும் பருப்பும் மாவும் விற்ற காசுக்கு மறுபடி அதே அளவு சாமான் வாங்க முடியவில்லை. ராக்கையில் இருந்த பழைய சாமானுக்கும் புது விலை போடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலைமை. இது வியாபாரம் செய்தவனுக்குத்தான் விளங்கும்.

காசு கொடுத்து வாங்குகிறவர் விலை கேட்பார், பேரம் பேசுவார், பக்கத்துக் கடையில் விசாரிப்பார். ஆகவே அவருக்கு நான் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினேன். கொப்பிக்கு வாங்கி மாத முடிவில் தீர்க்கும் குடும்பங்கள் விலை கேட்பதில்லை. சாமானை எடுப்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். அந்தப் பக்கங்களில் என் பேனா கொஞ்சம் தாராளமாகவே ஓடியது. ஐந்து ரூபா, பத்து ரூபா. கடன் வாங்குகிறவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று என் நப்ஸ் சொன்னது.

இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் கடைக் கொப்பியில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. பென்ஷன் வந்த மறுநாளே சதம் குறையாமல் தீர்ப்பவர். யுத்த காலத்தில் கடை பூட்டிக் கிடந்து திறந்தபோது முதலில் வந்து சாமான் எடுத்தவர்களில் ஒருவர். அந்த ஆண்டு ஜூன் மாதம் வந்து கணக்கைத் தீர்த்துவிட்டுக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். பக்கத்தை ஒரு முறை பார்த்தார்.

"விலை ஏறினது எனக்கும் தெரியும் நானா. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

சத்தம் போடவில்லை. சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கொப்பிக்கு வாங்கவும் இல்லை. எப்போதாவது பேரப்பிள்ளையைத் தேங்காய்க்கோ முட்டைக்கோ காசு கொடுத்து அனுப்புவார். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கூடுதலாக எழுதியதைத் திருப்பியும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தேநீரும் தந்தார். கொப்பி மட்டும் திரும்பித் திறக்கப்படவில்லை.

லிவர்பூலில் பத்தாயிரம் பேர் எழுந்து போனதால் முதலாளிகள் நான்கு நாளில் விழித்துக்கொண்டார்கள். நம் கடையில் ஒவ்வொருவராக, மெல்ல எழுந்து போகிறார்கள். அதனால்தான் நமக்குத் தெரிவதேயில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

விலையைக் கூட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் விலையை நிர்ணயித்துத் தரும்படி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. சந்தையில் இயல்பாக ஏறும் விலைக்கு வியாபாரி மீது குற்றமில்லை. பதுக்கி வைத்து ஏற்றுவதையும், விலை தெரியாதவனின் அறியாமையைப் பயன்படுத்துவதையுமே மார்க்கம் தடுத்திருக்கிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வருகிறவர்கள் சந்தை விலையை அறியுமுன் வழியில் மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தது இதற்காகவே.

இன்னொன்று, விற்பனை நடக்கும்போது விலை இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று நான் கொப்பியில் எழுதிய விலை எனக்கு மட்டும்தான் தெரியும். இதை எங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. "முதலில் போய்க் கூடுதல் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள் ஹாஜியார்" என்றார். அவ்வளவுதான்.

உல்லாசப் பயணியும் ஊர்க்காரனும்

அங்குள்ள ரசிகர்களின் இன்னொரு முறைப்பாடு நம் திருகோணமலைக்கு அப்படியே பொருந்தும். சீசன் டிக்கட்காரர் ஒரு போட்டிக்குக் கொடுப்பது ஒப்பீட்டளவில் குறைவு. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு போட்டி பார்க்க வருகிறவர் கூடிய விலைக்கு டிக்கட் வாங்குவார், மைதானக் கடையில் ஜேர்ஸியும் வாங்குவார். அதனால் கழகங்கள் ஊர்க்காரனைத் தள்ளிவிட்டு விருந்தாளிக்குக் கதிரை போடுகின்றன என்கிறார்கள்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இதை நாம் பார்த்ததில்லையா? மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரருக்கு ஒரு விலை. அந்த விலையே ஊர்க்காரருக்கும் என்றாகிவிட்ட கடைகள் உண்டு. வாடைக் காற்று தொடங்கியதும் கடற்கரை வெறிச்சோடும். அப்போது தேநீருக்கும் சோற்றுக்கும் ஊர்க்காரன்தான் வரவேண்டும். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகும், 2020இல் கொரோனா வந்தபோதும் ஒரு பயணிகூட இல்லை. ஊர் வாடிக்கையைப் பேணி வந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள்.

அதே 2020இல் லிவர்பூல் 30 வருடக் காத்திருப்புக்குப் பின் லீக் கிண்ணத்தை வென்றது. கிண்ணம் தூக்கிய நாளில் அன்ஃபீல்டின் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அன்று இரவு தொலைக்காட்சியில் பார்த்த என் மருமகனே, "கலியாண வீட்டில ஆளில்லாத மாதிரி இருக்கு" என்றான்.

வேறு வழியும் இருக்கிறது

ஜேர்மனியில் 1998ஆம் ஆண்டு முதல் ஒரு விதி உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குப் பலத்தில் பாதிக்கு மேல் அதன் அங்கத்தவர்களிடமே இருக்க வேண்டும். அங்கே நின்றுகொண்டு பார்க்கும் மலிவு இடங்களும் உண்டு. பேயர்ன் மியூனிக் போன்ற பணக்காரக் கழகத்தில் நின்று பார்க்கும் சீசன் டிக்கட், லீக்கின் 17 உள்ளூர்ப் போட்டிகளுக்கும் சேர்த்து, பல வருடங்களாக 200 யூரோவுக்கும் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. அக்கழகத்தின் தலைவராக இருந்த ஊலி ஹோனஸ் இதற்குச் சொன்ன காரணம் ஒரு வியாபாரியின் காரணம்: டிக்கட்டைக் கூட்டினால் வரும் தொகை எங்களுக்கு ஒரு ஆட்டக்காரரை வாங்கும் பேரத்தில் ஐந்து நிமிடப் பேச்சு, ரசிகனுக்கோ அது பெரிய தொகை.

இங்கிலாந்திலேயே ஹடர்ஸ்ஃபீல்ட் டவுண் என்ற கழகம் இருக்கிறது. மூன்றாம் தரத்தில் ஆடிய 2008/09 நூற்றாண்டுப் பருவத்தில் சீசன் டிக்கட்டை 100 பவுணுக்குக் கொடுத்தது. அன்று தொட்டு விடாமல் வாங்குகிறவர்களுக்கு, கழகம் எப்போதாவது பிரீமியர் லீக்குக்கு ஏறினால் அப்போதும் 100 பவுண்தான் என்று அதன் தலைவர் டீன் ஹொய்ல் வாக்குக் கொடுத்தார். நடக்காத காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2017இல் கழகம் ஏறியது. வாக்குக் காப்பாற்றப்பட்டது. முஸ்லிமல்லாத ஒரு வியாபாரி வாக்கைக் காப்பாற்றிய செய்தியைப் படிக்கும்போது நமக்கு வெட்கமும் வர வேண்டும், ஊக்கமும் வர வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

என் கடையில் இப்போது நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால் கொப்பிக்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விலைக்கு ஒரு மாதச் சாமான் எடுக்க விரும்பினால் இருப்பதைப் பொறுத்துக் கொடுக்கிறேன்.

2. கொப்பியில் சாமானின் பெயரோடு அன்றைய விலையையும் வாங்குகிறவரின் கண்முன்னே எழுதுகிறேன். அவர் கையில் ஒரு சின்னக் கொப்பி, என்னிடம் ஒன்று.

3. காசுக்காரருக்கு ஒரு விலை, கடன்காரருக்கு ஒரு விலை என்று இரகசியமாக எழுதுவதில்லை.

4. பால்மா, மா, பருப்பு போன்ற அத்தியாவசியச் சாமானில் இலாபத்தைக் கடைசியாகத்தான் கூட்டுகிறேன். தாங்கக்கூடிய சாமான் வேறு இருக்கிறது.

5. விலை இறங்கினால் அதையும் அன்றே சொல்கிறேன். 2023இல் டொலர் இறங்கி சில சாமான்களின் விலை குறைந்தபோது, பழைய விலையிலேயே நின்ற கடைகளை மக்கள் நன்றாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதனால் இலாபம் கூடியதா என்று கேட்டால், கூடியது என்று சத்தியம் பண்ண மாட்டேன். மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போது யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமில்லை. பரக்கத் என்பது அதுவும் சேர்ந்ததுதான் என்று நம்புகிறேன். வாங்கும்போதும் விற்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் விட்டுக்கொடுக்கிறவருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அந்தத் துஆவில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டாமா?

கடைக்கு முன்னால் பிள்ளைகளின் விவாதம் இன்னும் முடியவில்லை. யுனைடெட் கட்சிக்காரப் பையன் அன்று கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "அவங்கட கிளப்பில எங்களுக்கு ஒரு பங்குமில்ல மாமா. ஆனா தோத்தா எங்களுக்கு ஏன் சோறு இறங்குதில்ல?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நம் கடைக்கு இருபது வருடமாக வருகிறவருக்கும் அதில் பங்கில்லைதான். ஆனாலும் 'எங்கட கடை' என்றுதான் சொல்லுகிறார். அடுத்த முறை விலைச் சீட்டை மாற்றப் பேனாவை எடுக்கும்போது, அப்படிச் சொல்லுகிற ஒருவரின் முகத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் நினைத்துக்கொள்கிறேன்.

நம் அனைவரின் தொழிலிலும் அல்லாஹ் ஹலாலான வருமானத்தையும் பரக்கத்தையும் தருவானாக. இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் சந்திப்போம்.